பல மாடி விடுதியில் புகையை எப்படி அடக்குவது? புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

விடுதியில் பராமரிப்பு இன்ஜினியராகவோ பாதுகாப்பு அதிகாரியாகவோ புதிதாகச் சேருபவர்கள் முதல் வாரத்தில் செய்வது பெரும்பாலும் தீயணைப்பான்களை எண்ணுவதுதான். எதில் பிரஷர் இறங்கியிருக்கிறது, எதில் தேதி முடிந்துவிட்டது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, ஏஜென்சிக்கு போன் போட்டு ரீஃபில் செய்யச் சொல்லிவிட்டால் தீப் பாதுகாப்பு முடிந்தது என்று ஒரு நினைப்பு. அதுவும் செய்ய வேண்டிய வேலைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பல மாடி விடுதியில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் புகை, அதைச் சிலிண்டரை வைத்து எதுவும் செய்ய முடியாது.

1980 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியில் நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தரைத்தளத்து உணவகம் ஒன்றில் மின்கோளாறால் பிடித்த தீ, பக்கத்திலிருந்த சூதாட்டக் கூடத்தை எரித்ததோடு சரி, மேல் மாடி அறைகள் வரை அது போகவில்லை. இறந்தவர்கள் 85 பேர், அவர்களில் பெரும்பாலோர் மேல் மாடிகளில் இருந்தவர்கள். லிஃப்ட் ஷாஃப்ட், மாடிப்படி, கட்டிடத்தின் இணைப்பு இடைவெளி, ஏசி டக்ட் என்று எங்கெல்லாம் வழி கிடைத்ததோ அங்கெல்லாம் புகை ஏறியிருந்தது. நம் நாட்டுக் கதையும் வேறில்லை. தில்லி கரோல் பாக்கில் 2019 பிப்ரவரி 12 விடியற்காலை அர்பித் பேலஸ் விடுதியில் 17 பேர், கொல்கத்தாவில் 2025 ஏப்ரல் 29 இரவு ரிதுராஜ் விடுதியில் 14 பேர். இரண்டு இடத்திலும் பெரும்பாலான உயிர்கள் மூச்சுத்திணறித்தான் போயின.

அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஏதோ ஓர் அறையில் மெத்தை பற்றிக்கொண்டது என்று வைத்துக்கொண்டு, அந்தப் புகை எந்த வழியாகப் போகுமோ அதே வழியில் நாமும் நடந்து, ஒவ்வொரு இடத்திலும் அதை எது தடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவோம். கையில் ஒரு டார்ச், அளவு டேப், கட்டிடத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், இவ்வளவு போதும்.

கிளம்பும் முன்: எந்த விதி?

இந்தியாவில் இதற்கு அடிப்படை தேசியக் கட்டிட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி. அது ஒரு பரிந்துரை நூல், மாநில விதிகள் எடுத்துக்கொள்ளும்போதுதான் சட்ட பலம் வருகிறது. விடுதிகள் அதில் குடியிருப்பு வகையில் வருகின்றன, சாதாரண விடுதி ஏ-5, நட்சத்திர விடுதி ஏ-6. தமிழ்நாட்டில் இதோடு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளையும் பார்க்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. தேசியத் தொகுப்புக்கு 15 மீட்டரைத் தொட்டாலே அது உயரக் கட்டிடம். தமிழ்நாட்டு விதிக்கு 18.30 மீட்டரைத் தாண்டினால்தான். அப்படியானால் 17 மீட்டர் உயரத்தில் ஒரு விடுதி இருந்தால்? மாநில விதிப்படி அது உயரக் கட்டிடம் இல்லை என்று சொல்லி மாடிப்படிக்குள் புகை வராமல் காற்றை அழுத்தி நிரப்பும் ஏற்பாடு, புகையை வெளியே இழுக்கும் புகைப்போக்கி எல்லாவற்றையும் கைகழுவிவிடும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டில் கடுமையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன், புகை அரசாணை படித்துவிட்டு ஏறுவதில்லை.

அப்புறம் இன்னொன்று, நடப்பதற்கு முன் வரைபடத்தையும் கட்டிடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கீகாரம் வாங்கியபோது இருந்த இரண்டாவது படிக்கட்டு இப்போது ஸ்டோர் ரூமாக மாறியிருக்கலாம், திறந்த வராந்தா கண்ணாடி போட்டு மூடப்பட்டிருக்கலாம். வித்தியாசம் தெரியும் ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள், பிறகு அந்த வட்டங்களை வைத்துத்தான் நிர்வாகத்திடம் பேச வேண்டியிருக்கும்.

முதல் படி: அறைக் கதவு

தீ தொடங்கும் இடத்திலேயே புகையைப் பிடித்துவைப்பது அறைக் கதவுதான், ஆனால் அதை யாரும் பாதுகாப்புக் கருவியாக நினைப்பதில்லை. விருந்தினர் அறைகள் திறக்கும் நடைபாதைக்கு 60 நிமிடம் தீயைத் தாங்கும் சுவரும், 20 நிமிடம் தாங்கும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் இருக்க வேண்டும் என்கிறது தொகுப்பு. இதில் "தானாக" என்ற சொல்தான் உயிர். அறையில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் கதவைத் திறந்துகொண்டு ஓடுவார், திரும்பி நின்று சாத்திவிட்டுப் போக மாட்டார். கதவைத் தானாக இழுத்து மூடும் க்ளோசர் வேலை செய்யவில்லை என்றால் அந்த ஒரு கதவு போதும், ஒரு மாடி முழுக்கப் புகை நிரம்பிவிடும்.

சோதிப்பது எளிது. கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்து விட்டுவிடுங்கள். லாட்ச் "டக்" என்று விழ வேண்டும். முழுதாகத் திறந்து விட்டால் எந்தக் கதவும் வேகத்தில் மூடிக்கொள்ளும், அதை வைத்து ஏமாற வேண்டாம். க்ளோசருக்குக் கீழே கதவுப் பலகையில் எண்ணெய் வழிந்த கோடு தெரிந்தால் அது செத்துவிட்டது என்று அர்த்தம், மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் இல்லை, ஆனாலும் மூடவில்லை என்றால் அதன் ஓரத்தில் உள்ள இரண்டு திருகுகளைப் பாருங்கள். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றது கடைசி ஓரிரு அங்குலத்தில் லாட்ச் விழும் வேகத்துக்கு. கதவு சத்தமாக மூடுகிறது என்று விருந்தினர் புகார் சொன்னதும் பராமரிப்புப் பையன் போய் அந்த இரண்டாவது திருகை இறுக்கிவிட்டு வந்திருப்பான், சத்தமும் போயிருக்கும், லாட்ச் விழுவதும் போயிருக்கும்.

கதவின் விளிம்பிலோ சட்டத்திலோ பதித்திருக்கும் மெல்லிய பட்டையையும் கவனியுங்கள். சூடு பட்டால் பொங்கி விரிந்து இடுக்கை அடைப்பதற்காக வைத்தது அது. மறுபூச்சு வேலையின்போது அதைப் பிய்த்து எறிந்துவிட்டு பாலிஷ் போட்ட கதவுகள் ஏராளம். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் சுத்தம் செய்யும்போது மரத்துண்டு வைத்துக் கதவைத் திறந்துவைப்பது தனிப் பிரச்சினை. திட்டினால் மாறாது, நீங்கள் அந்தப் பக்கம் போனதும் மரத்துண்டு மறுபடி வந்துவிடும். அவர்கள் ட்ராலியை உள்ளேயும் வெளியேயும் எப்படி இழுக்கிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டு அதற்கு வழி செய்து கொடுங்கள். அலாரம் அடித்தால் விட்டுவிடும் காந்தப் பிடிப்பான் அடிக்கடி திறந்திருக்க வேண்டிய சர்வீஸ் கதவுகளுக்கு நல்ல தீர்வு.

இரண்டாவது படி: நடைபாதை

அறைக் கதவிலிருந்து பாதுகாப்பான மாடிப்படி வரை ஒருவர் நடக்க வேண்டிய தூரம் கான்கிரீட் கட்டிடங்களில் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும், சூடு பட்டதும் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் முழுமையாக இருந்தால் பாதி கூடுதலாக அனுமதி உண்டு. ஒரு பக்கம் மட்டும் வழியுள்ள முட்டுச்சந்து நடைபாதை 15 மீட்டரைத் தாண்டக் கூடாது. டேப் வைத்து அளந்து பாருங்கள், வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்த தூரமும் சோபா, பூச்சாடி, லினன் ட்ராலி எல்லாம் சுற்றி நடக்கும் தூரமும் ஒன்றாக இருக்காது.

சுவரில் என்ன ஒட்டியிருக்கிறார்கள் என்றும் தட்டிப் பாருங்கள். அழகுக்காக ஒட்டிய மரப்பலகை, துணி, பிளாஸ்டிக் பேனல் எல்லாம் நடைபாதையையே எரிபொருளாக மாற்றிவிடும். கரோல் பாக் விபத்துக்குப் பிறகு அதிகம் பேசப்பட்டது இந்த மரப்பலகைகளைப் பற்றித்தான்.

இப்போது புகைப்போக்கி. விருந்தினர் அறை நடைபாதைக்கு இரண்டு வழிகளில் ஒன்று வேண்டும்: புகையை வெளியே இழுக்கும் ஃபேனும் அதற்கு ஈடாக நல்ல காற்றைக் கொண்டுவரும் ஏற்பாடும், இல்லாவிட்டால் நடைபாதைக்கே காற்றை அழுத்தி நிரப்பும் ஏற்பாடு. இழுக்கும் முறையென்றால் மணிக்குக் குறைந்தது 12 முறை காற்று மாற வேண்டும், அந்த ஃபேன் 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் 120 நிமிடம் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். அழுத்தும் முறையென்றால் 25 முதல் 30 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு).

12 முறை என்பது எவ்வளவு காற்று? 40 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள நடைபாதையின் கொள்ளளவு 194 கன மீட்டர் சொச்சம். அதை 12-ஆல் பெருக்கினால் மணிக்கு 2,333 கன மீட்டர். நம் ஊர் வென்டர்கள் பேசும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) கணக்கில் சுமார் 1,373. ஃபேனின் பெயர்ப்பலகையில் இதைவிட அதிகமாகவே போட்டிருக்கும், அதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். நீளமான டக்ட், நாலு வளைவு, பாதி திறந்த டேம்பர் (டக்ட்டைத் திறந்து மூடும் தடுப்பு இதழ்கள்) எல்லாம் தாண்டி கிரில்லில் எவ்வளவு காற்று போகிறது என்று காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பொதுவான கோளாறு, இழுக்கும் ஃபேன் இருக்கும், ஈடுசெய்யும் காற்றுக்கு வழி இருக்காது. அப்போது அந்த ஃபேன் எங்கிருந்து இழுக்கும்? அறைக் கதவுகளின் அடியிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும்தான். தீப்பிடித்த அறையிலிருந்து புகையை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு வரும் வேலையை அதுவே செய்துவிடும். இதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விஷயம். பணம் செலவழித்து, ஃபேன் போட்டு, சான்றிதழும் வாங்கி, கடைசியில் அது எதிராளிக்கு வேலை செய்கிறது.

மூன்றாவது படி: மாடிப்படி

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு இருக்கும் ஒரே வழி இது. 1946 டிசம்பர் 7 அன்று அட்லாண்டாவின் வைன்காஃப் விடுதியில் 119 பேர் இறந்தார்கள், 15 மாடிக்கு ஒரே படிக்கட்டு, தீயைத் தாங்கும் கதவுகள் எதுவும் இல்லை. தீப்பிடிக்காத கட்டிடம் என்று விளம்பரம் செய்திருந்த விடுதி அது. கட்டிடத்தின் எலும்புக்கூடு உண்மையிலேயே எரியவில்லை, உள்ளே இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

விடுதி மாடிப்படிக்கு அகலம் குறைந்தது 1.5 மீட்டர். ஒவ்வொரு மாடியிலும் அதற்கு 120 நிமிடம் தாங்கும் கதவு, தப்பிக்கும் திசையில் திறக்க வேண்டும், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். இதெல்லாம் கண்ணால் பார்த்தே தெரிந்துவிடும். வெளிக்காற்று படாமல் கட்டிடத்துக்குள் அமைந்த படிக்கட்டு என்றால் அதற்குக் காற்றழுத்தம் கொடுக்க வேண்டும், அளவு 50 பாஸ்கல். நடைபாதையைவிடப் படிக்கட்டில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் கதவு இடுக்கு வழியாகக் காற்று வெளியே போகுமே தவிர புகை உள்ளே வராது, அவ்வளவுதான் தத்துவம்.

50 பாஸ்கல் அழுத்தத்தில் கதவு என்ன கனம் கனக்கும் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் உள்ள கதவின் மேல் 105 நியூட்டன் விசை, அதாவது சுமார் 10.7 கிலோ. கைப்பிடி கதவின் ஓரத்தில் இருப்பதால் கையில் தெரிவது அதில் பாதி, ஐந்தரை கிலோ மாதிரி, அதோடு க்ளோசரின் எதிர்ப்பும் சேரும். சமாளிக்கலாம். ஆனால் ஃபேனை யாராவது கொஞ்சம் தாராளமாகத் தேர்வு செய்து அழுத்தம் 150 பாஸ்கலுக்குப் போய்விட்டால் கைப்பிடியில் மட்டும் 16 கிலோ, க்ளோசர் தனி. எழுபது வயது அம்மா ஒருவர் புகைக்குள் நின்று அந்தக் கதவைத் தள்ளிப் பார்ப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அமெரிக்கத் தரநிலை இதற்கு 133 நியூட்டன் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது, கிட்டத்தட்ட 13.5 கிலோ, அதில் க்ளோசரும் அடக்கம்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருக்கிறதே, அது போதும். ஃபேனை ஓடவிட்டு, படிக்கட்டுப் பக்கம் நின்று, கதவின் லாட்சை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, கைப்பிடியில் கொக்கியை மாட்டி இழுங்கள். கதவு அசையத் தொடங்கும்போது காட்டும் எண்ணை மாடிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தத்தை அளக்க மட்டும் டிஜிட்டல் மேனோமீட்டர் வேண்டும், அதன் மெல்லிய குழாயைக் கதவுக்கு அடியில் விட்டு இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கண்டிப்பாக எல்லா மாடியிலும் அளக்க வேண்டும். மொட்டை மாடியில் ஒரே ஃபேன், ஒரே திறப்பு வழியாகக் காற்றுக் கொட்டும் கட்டிடங்களில் மேல் மாடியில் கதவே திறக்க முடியாதபடி இருக்கும், கீழே மூன்றாம் மாடிக்கு வந்தால் காகிதம்கூட ஆடாது. சான்றிதழில் ஓர் எண்தான் இருக்கும், அது எந்த மாடியில் எடுத்தது என்று கேளுங்கள்.

எல்லாக் கதவும் மூடியிருக்கும்போது அளந்தது ஒரு பாதி. பிறகு இரண்டு மாடியில் கதவைத் திறந்து வைத்துவிட்டு மற்ற மாடிகளில் அளந்து பாருங்கள், உண்மையான தீயன்று ஆட்கள் கதவைத் திறந்துகொண்டே இருப்பார்கள். அதற்கும் ஈடுகொடுக்கும் அளவுக்குப் பெரிய ஃபேன் போட்டால் எல்லாம் மூடியிருக்கும்போது அழுத்தம் எகிறும், அதை வெளியேற்றத்தான் அழுத்தத் தணிப்பு டேம்பரோ, ஃபேன் வேகத்தைக் குறைக்கும் வி.எஃப்.டி.யோ வைக்கிறார்கள். அந்த டேம்பரை விரலால் தள்ளிப் பாருங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளையடித்தவர்கள் டேம்பர் இதழ்களையும் சேர்த்து வெள்ளையடித்து ஒட்டவைத்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஃபேன் காற்றை எங்கிருந்து எடுக்கிறது என்றும் பாருங்கள். பக்கத்திலேயே சமையலறைச் சிம்னியோ புகைப்போக்கி வாயோ இருந்தால் புகையை எடுத்துப் படிக்கட்டுக்குள்ளேயே ஊற்றும். எடுக்கும் டக்ட்டில் புகையைக் கண்டறியும் டிடெக்டர் ஒன்று இருப்பது நல்லது, புகை தெரிந்தால் ஃபேனை நிறுத்துவதற்கு.

தரைத்தளத்தில் வெளியே போகும் கதவு நேர்மாறு. அது படிக்கட்டிலிருந்து வெளிப்பக்கம் திறப்பது, அழுத்தமே அதைத் தள்ளித் திறந்துவிடும், க்ளோசர் பலவீனமாக இருந்தால் மூடாமலே நின்று மொத்தக் காற்றும் அதன் வழியே போய்விடும். அப்புறம், படிக்கட்டுக்குள் நுழைந்துவிட்டவர் கீழே புகை என்று தெரிந்தால் திரும்ப ஏதாவது மாடிக்குள் போக முடிகிறதா? திருட்டுக்குப் பயந்து படிக்கட்டுப் பக்கம் கைப்பிடியே வைக்காத கதவுகள் உண்டு. எந்தெந்த மாடியில் திரும்ப நுழையலாம் என்பதைப் படிக்கட்டுச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

நான்காவது படி: ஓட்டைகள்

கேபிளும் குழாயும் மாடிக்கு மாடி ஏறும் ஷாஃப்ட்டின் கதவுகளைத் திறந்து டார்ச் அடித்து மேலேயும் கீழேயும் பாருங்கள். ஒவ்வொரு மாடித் தளத்திலும் கேபிளுக்கும் குழாய்க்கும் விட்ட துளை தீயைத் தாங்கும் பொருளால் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். பல இடத்தில் மஞ்சள் நிறத்தில் உப்பிய ஃபோம் அடித்திருப்பார்கள். பார்க்க அடைத்த மாதிரிதான் இருக்கும், ஆனால் அது ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கும் சாதாரண பாலியூரித்தேன் ஃபோமாக இருந்தால் எரியும், எரிந்தால் விஷப் புகை கக்கும். தீயைத் தாங்கும் சீலண்ட் போட்ட இடத்தில் போட்ட நிறுவனத்தின் லேபிள், தேதி, எத்தனை நிமிடம் தாங்கும் என்ற விவரம் ஒட்டியிருக்க வேண்டும். லேபிள் இல்லையென்றால் பில் கேளுங்கள், பில்லும் இல்லையென்றால் அது அடைக்காத துளை என்றே எழுதுங்கள்.

இன்டர்நெட், கேபிள் டிவி, சிசிடிவி ஆட்கள்தான் இதில் முதல் குற்றவாளிகள். ஒரு ஒயர் இழுக்க மூன்று அங்குலத் துளை போட்டுவிட்டு அப்படியே போய்விடுவார்கள். யார் சுவரில் துளை போட்டாலும் அன்றே அடைத்து போட்டோ அனுப்பினால்தான் பில் பாஸ் ஆகும் என்று அக்கவுண்ட்ஸ் பிரிவிடம் சொல்லி வைத்துவிடுங்கள், இதைவிட வேலை செய்யும் வழி எதுவும் கிடையாது.

குளியலறை எக்ஸாஸ்ட் டக்ட் எல்லா மாடிக்கும் பொதுவாக இருந்தால் அறைக்கு அறை புகை போக அதுவே நெடுஞ்சாலை. ஏசி டக்ட் தீச்சுவரைக் கடக்கும் இடத்தில் டேம்பர் இருக்கிறதா, அதைத் தொட்டுப் பார்க்க ஃபால்ஸ் சீலிங்கில் திறப்பு விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். திறப்பே இல்லாத டேம்பர் பொருத்திய நாளிலிருந்து யாராலும் சோதிக்கப்படவில்லை என்று பொருள்.

புகை மேலேதான் போகும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். தீக்குப் பக்கத்தில் சூடான புகை மேலே ஏறும், சரி. ஆனால் கொஞ்சம் தள்ளிப் போய் ஆறிவிட்ட புகை கட்டிடத்துக்குள் காற்று எப்படி ஓடுகிறதோ அப்படித்தான் போகும். சென்னை, மதுரை வெயிலில் வெளியே 40 டிகிரி, உள்ளே ஏசியில் 24 டிகிரி என்றால் குளிர்ந்த காற்று ஷாஃப்ட் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும், அதோடு புகையும் தீப்பிடித்த மாடிக்குக் கீழே வரலாம். வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் குளிர் ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டவை, அதனால் நம் ஆட்கள் கீழ் மாடிகளை மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது படி: ஒன்றோடு ஒன்று பேசுகிறதா?

டிடெக்டர், அலாரம் பேனல், ஃபேன், டேம்பர், லிஃப்ட் எல்லாம் தனித்தனியாக நன்றாக இருக்கும். ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. ஏழாம் மாடி நடைபாதையில் ஒரு டிடெக்டருக்குச் சோதனைப் புகை கொடுங்கள். அந்த மாடிக்கு ஏசி காற்றை அனுப்பும் ஏ.எச்.யூ. இயந்திரம் நிற்க வேண்டும், புகைப்போக்கி அந்த மாடிக்கு மட்டும் திறக்க வேண்டும், படிக்கட்டு ஃபேன் தானாக ஓட வேண்டும், காந்தம் பிடித்த கதவுகள் மூட வேண்டும், லிஃப்ட் எல்லாம் தரைத்தளத்துக்கு வந்து திறந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆளை வாக்கிடாக்கியோடு நிறுத்தி நேரம் குறிக்கச் சொல்லுங்கள்.

பிறகு அதே சோதனையை ஈ.பி. மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இதில்தான் பல விடுதிகள் தோற்கும். ஜெனரேட்டர் வரும், விளக்கு எரியும், ஏசி ஓடும், படிக்கட்டு ஃபேன் மட்டும் ஓடாது, அதன் ஸ்டார்ட்டர் மின்சாரம் போய்வந்த பிறகு யாராவது ரீசெட் அமுக்கும் வரை காத்துக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து ஓடும்போது கொக்கித் தராசையும் மறுபடி எடுங்கள். நடைபாதையில் ஃபேன் இழுக்க, படிக்கட்டில் ஃபேன் தள்ள, இரண்டும் சேர்ந்து கதவைத் தனித்தனியாக ஓடியபோது இருந்ததைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

டிடெக்டர்களில் மஞ்சள், சிவப்பு பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடங்கள். பெயின்ட் வேலைக்காக மாட்டியது, கழற்ற மறந்தது. ஸ்பிரிங்க்ளர் குமிழியில் சிவப்பு நிறத் திரவம் என்றால் 68 டிகிரியில் உடையும், பச்சை என்றால் 93. நடைபாதை, அறைகளில் சிவப்பும் சமையலறையின் சூடான பகுதியில் பச்சையும் இருப்பது வழக்கம், மாறியிருந்தால் கேளுங்கள்.

பேஸ்மென்ட், சமையலறை

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். பேஸ்மென்ட்டில் தீயின்போது மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும். மேல் மாடிப் படிக்கட்டு அப்படியே பேஸ்மென்ட்டுக்கும் இறங்கினால் இடையில் தீக்கதவு போட்டுப் பிரித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நல்ல புகைக்கூண்டு. 2022 செப்டம்பர் 12 இரவு செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே விடுதி என்றிருந்த கட்டிடத்தில் 8 பேர் இறந்தது நினைவிருக்கும். ஊழியர்கள் வண்டி சார்ஜ் போடும் இடம் உங்கள் படிக்கட்டுக்கு அடியில் இருந்தால் நாளைக்கே மாற்றுங்கள். சமையலறையில் ஹுட் ஃபில்டரையும் அதற்குப் பின்னால் இருக்கும் டக்ட்டையும் கழுவ ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள், ஃபில்டரை மட்டும் கழுவிவிட்டு டக்ட்டில் விரல் தடிமனுக்குக் கொழுப்பைச் சேர்த்துவைப்பதுதான் வழக்கம்.

ஆறாவது படி: இரவு இரண்டு மணி ஆட்கள்

பகலில் நடத்தும் ஒத்திகையில் மேனேஜரிலிருந்து எல்லோரும் இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு ஃப்ரண்ட் ஆபிஸில் ஒருவர், ஒரு செக்யூரிட்டி, ஒரு எலக்ட்ரீஷியன். அந்த மூவருக்குத்தான் பயிற்சி. உயரக் கட்டிடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை வேண்டும் என்கிறது தொகுப்பு, அதில் ஒன்றாவது இரவு ஷிப்டில் நடக்கட்டும். பேனல் கத்தினால் முதலில் சத்தத்தை நிறுத்தும் பழக்கம் எல்லா விடுதியிலும் உண்டு, ஊதுபத்திக்கும் குளியலறை நீராவிக்கும் அடித்து அடித்து அவர்களுக்கு அலுத்துவிட்டது. தவறாக அடிக்கும் டிடெக்டரை இடம் மாற்றுவதோ மாற்று வகை போடுவதோ உங்கள் வேலை. அதைச் செய்துவிட்டு, சத்தத்தை நிறுத்தும் முன் அந்த மாடிக்கு ஓர் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லுங்கள், அப்போதுதான் கேட்பார்கள். ஆள் போய்ப் புகையைப் பார்த்தால் 101-க்கோ 112-க்கோ அழைக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

விருந்தினருக்கு அறைக் கதவின் பின்னால் ஒட்டும் அறிவிப்பில் மாடிப்படி எந்தப் பக்கம், எத்தனை கதவு தாண்டி என்று இருக்கட்டும். கைவைத்துப் பார்த்துக் கதவு சுட்டாலோ நடைபாதையில் புகை அடர்த்தியாக இருந்தாலோ வெளியே வராமல், கதவு இடுக்கில் ஈரத் துண்டை அடைத்து, ஜன்னலோரம் நின்று வரவேற்புக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். இதற்கு ஜன்னல் திறக்க வேண்டும், அல்லது தீயணைப்பு வீரர் ஏணி வைக்கும் பக்கத்தில் உடைக்கக்கூடிய கண்ணாடி இருக்க வேண்டும். கிரில் போட்டு வெல்டிங் வைத்த ஜன்னல் இருந்தால் அதற்கும் ஒரு சிவப்பு வட்டம்.

லிஃப்டில் ஏற வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஏறுவார்கள். 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை ஒன்றில் தீப்பிடித்தபோது இறந்த 6 பேரில் பலர் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள். அதனால்தான் லிஃப்ட் தானாகக் கீழே வந்து திறந்து நிற்பதை ஐந்தாவது படியில் அவ்வளவு வற்புறுத்தினேன்.

காகிதங்கள்

1985-ஆம் ஆண்டு தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டத்தின் கீழ் உள்ள உரிமம், திட்ட அனுமதியோடு வந்த தடையில்லாச் சான்று, ஸ்பிரிங்க்ளர், ஹைட்ரன்ட், அலாரம் பராமரிப்பு ஒப்பந்தங்கள், ஒத்திகைப் பதிவேடு, இவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். உரிமம் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே காலண்டரில் குறித்துவிடுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் மாடிவாரியாக நீங்களே எடுத்த அழுத்த அளவுகளையும் கதவுக் கணக்கையும் கொடுத்தால் பேச்சே வேறு மாதிரி போகும், அவரும் தனக்குத் தெரிந்த நல்ல யோசனை நாலு சொல்வார்.

ஒரு முழுச் சுற்று முடிந்ததும் சிவப்பு வட்டங்களைச் செலவு வாரியாகப் பிரியுங்கள். க்ளோசர், ஷாஃப்ட் அடைப்பு, டேம்பர் இதழ், ஸ்டார்ட்டர் ரீசெட் இதெல்லாம் பராமரிப்பு பட்ஜெட்டிலேயே முடிந்துவிடும், இந்த மாதமே தொடங்கலாம். நடைபாதைக்கு ஈடுகாற்று, புதிய ஃபேன், இரண்டாவது படிக்கட்டை மீட்பது மாதிரி பெரிய வேலைகளுக்கு வரைபடத்தோடு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மாடியில் சீரமைப்பு வேலை நடந்தாலும், கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணை போகும் முன் அந்த மாடியில் மட்டும் முதல் படியிலிருந்து மறுபடி ஒரு நடை நடந்துவிடுங்கள்.